வி.பி.என். வாங்கும் முன்: தனியுரிமைக் கதவுகளை எந்த வரிசையில் சாத்துவது?

“எந்த வி.பி.என். நல்லது?” தனியுரிமை பற்றிப் பேச்செடுத்தாலே என்னிடம் வரும் முதல் கேள்வி இதுதான். (வி.பி.என். என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை வேறோர் இடம் வழியாக அனுப்பும் சேவை.) கேட்பவரின் மின்னஞ்சலுக்கு எட்டு எழுத்தில் ஒரு கடவுச்சொல் இருக்கும். அதே சொல் இன்னும் பதினைந்து தளங்களிலும் இருக்கும். வாசற்கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கக் கிளம்புகிற கதை. திரைச்சீலை விற்பவரிடம் விளம்பரத்துக்குக் காசு இருக்கிறது. கதவைச் சாத்துங்கள் என்று சொல்வதில் யாருக்கும் லாபமில்லை. அதனால் பாதி வீடியோக்களின் நடுவே ஒரு வி.பி.என். விளம்பரம் வருகிறது, கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி ஒன்றும் வருவதில்லை.

இந்த வழிகாட்டியில் காசு செலவாகும் இடம் அநேகமாக இல்லை. நேரம் செலவாகும்: முதல் மூன்று படிகளுக்கு ஒரு மாலை, மீதிக்கு இன்னொன்று. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துவையுங்கள், கேலியாகச் சொல்லவில்லை. வரிசையை மாற்றாதீர்கள். எது போனால் அதிகம் போகுமோ அதை முதலில் வைத்திருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: யாரிடமிருந்து காத்துக்கொள்கிறீர்கள்? மூன்று வகையான ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் கணக்கைக் கைப்பற்றிப் பணமோ பெயரோ பறிக்க நினைக்கும் திருடன் ஒருவன். நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று குறித்துவைத்து விளம்பரத்துக்கு விற்கும் நிறுவனம் இரண்டாவது. மூன்றாவது ஆளைப் பற்றிப் பேசத்தான் எல்லோருக்கும் கூச்சம்: உங்கள் போனைக் கையில் எடுக்கக்கூடிய, உங்களுக்குத் தெரிந்த மனிதர். ஒருவருக்கான மருந்து இன்னொருவருக்கு வேலை செய்யாது. விளம்பரத் தடுப்பான் போட்டுவிட்டால் திருடன் நின்றுவிட மாட்டான்.

படி 1: மின்னஞ்சல்

மற்ற எல்லாக் கணக்குகளின் சாவியும் தொங்குகிற ஆணி உங்கள் மின்னஞ்சல். “கடவுச்சொல் மறந்துவிட்டதா?” என்று அழுத்தினால் இணைப்பு அங்கேதான் வரும். அஞ்சல் பெட்டி ஒருவன் கையில் போய்விட்டால், மற்ற தளங்களில் எவ்வளவு கடினமான கடவுச்சொல் வைத்திருந்தாலும் அவன் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவான். ஆகவே முதல் ஒரு மணி நேரம் முழுக்க இதற்கே.

முதலில் கடவுச்சொல். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்து எழுதுங்கள். பழமொழியோ பாட்டு வரியோ வேண்டாம். அவையெல்லாம் ஊகிப்பவனின் பட்டியலிலும் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடித்த புத்தகத்தின் வெவ்வேறு பக்கங்களில் விரல் வைத்து எடுத்த சொற்கள் நன்றாக வேலை செய்யும். எட்டு எழுத்தில் குறியீடுகளைத் திணித்து எழுதுவதைவிட இதை நினைவில் வைப்பதும் சுலபம், உடைப்பதும் கடினம்.

அடுத்து மீட்பு வழிகள். கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல் என்று இரண்டு இருக்கும். அதில் இருக்கும் எண் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா? நான் ஒருமுறை மாட்டிக்கொண்டது இங்கேதான். கைவிட்டு இரண்டு வருடமான எண்ணைப் பழைய கணக்கொன்றில் அப்படியே விட்டிருந்தேன். புதுக் கருவியில் உள்ளே நுழையப் போனபோது குறியீடு அந்த எண்ணுக்குப் போனது, அந்த எண்ணோ அதற்குள் யாரோ ஒருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. அந்த முன்பின் தெரியாத மனிதர் நல்லவராக இருந்தாரா, குறுஞ்செய்தியைக் கவனிக்கவே இல்லையா, தெரியாது. கணக்கு எனக்குத் திரும்பி வர மூன்று வாரம் ஆயிற்று.

மூன்றாவது, பலரும் திறந்தே பார்க்காத இடம்: தானாக முன்னனுப்பும் அமைப்பும் வடிகட்டிகளும். கணக்கில் ஒருமுறை நுழைந்தவன் கடவுச்சொல்லை மாற்றிச் சத்தம் போட வேண்டும் என்றில்லை. வருகிற அஞ்சலின் நகலைத் தன் முகவரிக்கு அனுப்பும்படி ஒரு விதியை எழுதிவைத்துவிட்டுப் போய்விடலாம். நீங்கள் கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அந்த விதி வேலை செய்துகொண்டிருக்கும். உங்களுக்கு நினைவில்லாத வடிகட்டி எதுவாக இருந்தாலும் நீக்குங்கள். கூடவே, உள்நுழைந்திருக்கும் கருவிகளின் பட்டியலையும் பாருங்கள். விற்றுவிட்ட மடிக்கணினி, பழைய அலுவலகக் கணினி, அடையாளம் தெரியாத ஏதாவது ஒன்று என எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள்.

கடைசியாக, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, அது தரும் ஒருமுறைக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதுங்கள். நோட்டு இதற்குத்தான். அந்தப் பட்டியலைப் படம்பிடித்துப் போனிலேயே வைப்பவர்கள் ஏராளம். போன் தொலைந்தால் பயன்படுத்த வேண்டிய குறியீடு, தொலைந்த போனுக்குள்ளேயே இருக்கும்!

படி 2: கடவுச்சொற்கள்

2009 டிசம்பரில் ராக்யூ என்ற நிறுவனத்திடமிருந்து சுமார் 3.2 கோடிக் கடவுச்சொற்கள் திருடு போயின. அவற்றைக் குறியாக்கம் எதுவும் செய்யாமல் அப்படியே எழுத்தாக வைத்திருந்தார்கள். பட்டியலில் முதலிடம் “123456”. மனிதர்கள் எப்படிக் கடவுச்சொல் வைக்கிறார்கள் என்பதற்கு உடைப்பவர்களுக்கு அதுவே பாடநூல் ஆனது. யாஹூவில் 2013-இல் நடந்த திருட்டில் 300 கோடிக் கணக்குகளும் பாதிக்கப்பட்டன என்று அந்நிறுவனமே 2017-இல் ஒப்புக்கொண்டது. இப்படிக் கசிந்த மின்னஞ்சல், கடவுச்சொல் ஜோடிகளை நிரல்கள் மற்ற தளங்களில் வரிசையாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. உங்களைத் தனியாகக் குறிவைக்க வேண்டியதில்லை. ஒரே சொல்லை இரண்டு இடத்தில் வைத்திருந்தால் போதும்.

ட்ராய் ஹண்ட் 2013-இல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால், தெரியவந்த எந்தெந்தக் கசிவுகளில் அது இருக்கிறது என்று சொல்லும். முதல் முறை பார்க்கும்போது வயிற்றைப் பிசையும். பழகிவிடும்.

தீர்வு ஒன்றுதான்: ஒவ்வொரு தளத்துக்கும் வேறு வேறு சொல்லை உருவாக்கி நினைவில் வைத்துக்கொள்ளும் செயலியான கடவுச்சொல் மேலாளர். பிட்வார்டன் இலவசத்திலேயே போதுமானது. இணையத்தில் எதையும் வைக்க விரும்பாதவர்களுக்கு, எல்லாவற்றையும் சொந்தக் கணினியில் ஒரே கோப்பாக வைக்கும் கீபாஸ்எக்ஸ்சி இருக்கிறது. உலாவியிலும் போனிலும் உள்ளேயே வரும் மேலாளரைப் பயன்படுத்தினாலும், ஒரே சொல்லைச் சுமந்து திரிவதைவிடப் பல மடங்கு மேல்.

“எல்லா முட்டையும் ஒரே கூடையிலா?” என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற கடவுச்சொல் மேலாளர் நிறுவனத்திலிருந்து, வாடிக்கையாளர்கள் கடவுச்சொற்களைச் சேமித்திருந்த பெட்டகங்களின் நகலே திருடப்பட்டது. பெட்டகத்தின் உள்ளிருந்த கடவுச்சொற்கள் குறியாக்கத்தில் இருந்தன; தளங்களின் முகவரிகள் குறியாக்கம் இல்லாமலே இருந்தன. பெட்டகத்தைத் திறக்கும் தலைமைக் கடவுச்சொல்லை நீளமாக வைத்தவர்களுக்கும் சின்னதாக வைத்தவர்களுக்கும் அன்று இரண்டு வேறு விதி. திருடன் நகலைத் தன் கணினியில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் முயன்றுகொண்டிருக்கலாம், யாரும் தடுக்க முடியாது. ஆகவே தலைமைக் கடவுச்சொல்லுக்கும் மின்னஞ்சலுக்குச் சொன்ன அதே ஐந்தாறு சொல் முறை, ஆனால் வேறு சொற்கள். அதையும் நோட்டில் எழுதி, நோட்டைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டுக்குள் இருக்கும் காகிதத்தை வேறொரு கண்டத்திலிருக்கும் திருடனால் படிக்க முடியாது. மூன்றாவது ஆள்தான் உங்கள் கவலை என்றால் மட்டும் நோட்டு வீட்டில் வேண்டாம்.

எல்லாக் கணக்கையும் ஒரே நாளில் மாற்ற உட்காராதீர்கள், நாற்பதாவதில் வெறுத்துப்போய் விட்டுவிடுவீர்கள். இன்று பத்து: பணம் இருக்கும் இடங்கள், சமூக வலைத்தளங்கள், புகைப்படங்கள் இருக்கும் கணக்கு. மீதியை அந்தந்தத் தளத்துக்குப் போகும்போது மாற்றிக்கொள்ளலாம்.

தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை மாற்று என்று கட்டாயப்படுத்தும் அலுவலக வழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே தன் வழிகாட்டுதலில் இதைக் கைவிட்டது. கசிந்ததற்கான அறிகுறி இருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் விடுங்கள். அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை 1 என்பதிலிருந்து 2 ஆக்குவார்கள், அவ்வளவுதான்.

“உங்கள் அம்மாவின் கன்னிப்பெயர்”, “முதல் செல்லப்பிராணி” வகைக் கேள்விகளுக்குப் பொய் சொல்லுங்கள். உண்மையான விடைகள் உங்கள் உறவினர்களின் பதிவுகளிலேயே கிடைக்கும். மேலாளரைக் கொண்டே ஒரு தாறுமாறான எழுத்துக்கோவையை உருவாக்கி விடையாகக் கொடுத்து, அங்கேயே சேமித்துவிடுங்கள்.

படி 3: இரண்டாவது பூட்டு

குறுஞ்செய்தியில் வரும் குறியீடு ஒன்றுமில்லாததற்கு மேல். ஆனால் இரண்டாவது பூட்டின் மூன்று வகைகளில் அதுதான் கடைசி. 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைவராக இருந்த ஜாக் டோர்சியின் சொந்தக் கணக்கே, அவருடைய தொலைபேசி எண் வேறு ஆட்களின் கைக்கு மாறியதால் பறிபோனது. எண்ணை வேறு சிம்முக்கு மாற்றித் தரும்படி தொலைபேசி நிறுவனத்தை ஏமாற்றினால் குறுஞ்செய்தியும் அங்கே போய்விடும்.

இன்னொரு காரணம் எனக்கு அதைவிடக் கசப்பானது. பாதுகாப்புக்காக என்று கேட்டு வாங்கிய தொலைபேசி எண்களையும் மின்னஞ்சல்களையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காக 2022 மே மாதம் ட்விட்டர் 15 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. பூட்டுக்கு என்று கொடுத்த எண் விளம்பரக்காரரின் பட்டியலில் ஏறியிருந்தது.

நடுவில் நிற்பது குறியீட்டுச் செயலி. முப்பது நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்கம் உங்கள் போனிலேயே உருவாகிறது. எண்ணும் சிம்மும் இதில் சம்பந்தப்படுவதில்லை. போலித் தளத்தில் நீங்களே அதைத் தட்டிவிட்டால் மட்டும் அது காப்பாற்றாது.

மேலே நிற்பது, கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கருவியே வைத்துக்கொள்ளும் சாவியான பாஸ்கீ. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2022 மே மாதம் இதை விரிவாக்குவதாகச் சேர்ந்தே அறிவித்தன. ஜோடியாக இரண்டு சாவிகள் உருவாகும்: ஒன்று தளத்திடம், மற்றது உங்கள் பக்கத்தில். உங்கள் பக்கத்துச் சாவி தளத்துக்குப் போவதே இல்லை; அதனால் தளத்தில் திருடினாலும் உருப்படியாக எதுவும் கிடைக்காது. தவிர, அந்தச் சாவி குறிப்பிட்ட தள முகவரியோடு கட்டப்பட்டது. ஓர் எழுத்து மாற்றிய போலி முகவரியில் உங்கள் கண் ஏமாறலாம், சாவி ஏமாறாது. இதில் எனக்கு ஒரே குறை: ஒரு நிறுவனத்தின் கருவிகளில் வைத்த பாஸ்கீக்களை வேறு நிறுவனத்தின் கருவிக்கு எடுத்துப்போவதை இன்னும் சிரமமாகவே வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஓடும் மேலாளரில் சேமித்தால் அந்தத் தொல்லை குறையும்.

மின்னஞ்சலுக்கும் பணக் கணக்குகளுக்கும் பாஸ்கீ கிடைத்தால் அது, இல்லையென்றால் செயலி, அதுவும் இல்லையென்றால் குறுஞ்செய்தி.

இங்கே முதல் மாலை முடிகிறது. இத்தோடு நிறுத்திக்கொள்பவரையும் குறை சொல்ல மாட்டேன். திருடனுக்கான பெரும்பாலான வேலை முடிந்துவிட்டது.

படி 4: போன்

முதலில், போனுக்கு இன்னும் பாதுகாப்புப் புதுப்பிப்பு வருகிறதா என்று பாருங்கள். கேமராவைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதும் விமர்சனங்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடும். 2023 அக்டோபரில் பிக்சல் 8-க்கு ஏழு வருடம் புதுப்பிப்பு தருவதாகக் கூகுள் அறிவித்தது. அடுத்த வருடம் கேலக்ஸி எஸ்24 வரிசைக்குச் சாம்சங்கும் அதையே சொன்னது. அடுத்த போன் வாங்கும்போது நான் பார்க்கும் முதல் எண் இதுதான்.

பூட்டுக்கு ஆறு இலக்கமாவது வையுங்கள். மூன்றாவது ஆள் பற்றிய கவலை இருந்தால், அவருக்குத் தெரிந்திருக்கக்கூடிய எண்ணை இன்றே மாற்றி, பதிவாகியிருக்கும் கைரேகைகளில் உங்களுடையது அல்லாத ஒன்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி செய்யுங்கள்; குறுஞ்செய்திக் குறியீட்டைப் படிக்கப் பூட்டைத் திறக்க வேண்டியதே இல்லை என்றால் அது என்ன பூட்டு?

பிறகு அனுமதிகள். செயலிகளை ஒவ்வொன்றாகத் திறந்தால் இரவு முடியாது. அமைப்புகளில் அனுமதி மேலாண்மைப் பக்கத்தைத் திறந்து, அனுமதி வாரியாகப் பாருங்கள்: இருப்பிடம் யார் யாருக்கு, ஒலிவாங்கி யார் யாருக்கு. பட்டியலின் பெயர் பதிப்புக்குப் பதிப்பு மாறும், மேலே உள்ள தேடலில் தட்டினால் வந்துவிடும். இருப்பிடத்தை ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று மாற்றுங்கள். வானிலை சொல்லும் செயலிக்குத் தோராயமான இருப்பிடம் போதும். ஐஓஎஸ் 14-இலிருந்தும் ஆண்ட்ராய்டு 12-இலிருந்தும் துல்லிய இருப்பிடத்தைத் தனியாக அணைக்க முடிகிறது. புகைப்படங்களுக்கு ‘தேர்ந்தெடுத்தவை மட்டும்’. தொடர்புகள் பட்டியலைக் கேட்கும் செயலி உங்களை மட்டுமல்ல, உங்களை நம்பி எண் கொடுத்தவர்களையும் சேர்த்துக் கேட்கிறது. நான் செய்தி அனுப்பும் செயலி ஒன்றைத் தவிர யாருக்கும் அதைக் கொடுப்பதில்லை.

ஆண்ட்ராய்டில் ‘அணுகல்தன்மை’ என்ற அனுமதியைத் தனியாகப் பாருங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக வந்த நல்ல வசதி அது. ஆனால் திரையில் உள்ளதைப் படிக்கவும், உங்களுக்குப் பதிலாக அழுத்தவும் அதனால் முடியும் என்பதால், வங்கிக் கணக்கைக் குறிவைக்கும் தீநிரல்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு டார்ச் செயலிக்கு இது வேண்டுமென்றால் அது டார்ச் செயலி இல்லை.

பிறகு விளம்பர அடையாள எண். ஒவ்வொரு போனிலும் ஓர் எண் இருக்கிறது. வெவ்வேறு செயலிகளில் நீங்கள் செய்வதை ஒரே ஆளின் வேலை என்று கோக்க விளம்பர நிறுவனங்களுக்கு அது நூல். ஆண்ட்ராய்டில் தனியுரிமைப் பகுதியில் விளம்பரங்கள் என்பதற்குள் போய் அந்த எண்ணை நீக்கிவிடலாம். ஐபோனில் ‘தடமறிதல்’ பக்கத்தில், செயலிகள் கேட்கவே கூடாது என்று அணைத்துவிடலாம். இந்த ஒரு பொத்தானின் எடை என்ன தெரியுமா? 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 வந்தபோது, தடமறிய அனுமதி கேட்க வேண்டும் என்று ஆப்பிள் கட்டாயமாக்கியது. அதனால் 2022-இல் தன் வருவாயில் ஏறத்தாழ 1,000 கோடி டாலர் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா முதலீட்டாளர்களிடம் சொன்னது. கேட்டால் மக்கள் மறுக்கிறார்கள், அவ்வளவுதான் நடந்தது. அதுவரை யாரும் கேட்கவில்லை.

“போன் நாம் பேசுவதை ஒட்டுக்கேட்கிறதா? நேற்றுப் பேசினோம், இன்று விளம்பரம் வருகிறது!” எனக்கு இதில் நம்பிக்கையில்லை. நீங்கள் எதைப் பற்றிப் பேசினீர்களோ அதைப் பக்கத்திலிருந்த நண்பர் தேடியிருப்பார். இருவரின் போனும் ஒரே வைஃபையில், ஒரே இடத்தில் இருந்திருக்கும். ஊகிக்க இவ்வளவு போதும். காது வைக்கத் தேவையில்லாத அளவுக்குக் கண் வைத்திருக்கிறார்கள் என்பது ஆறுதலா என்று கேட்காதீர்கள்.

படி 5: உலாவி

தளங்கள் உங்கள் உலாவியில் வைக்கும் சின்னக் குறிப்பான குக்கீயை, 1994-இல் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மோன்டுல்லி உருவாக்கினார். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனால் தளம் உங்களை மறந்துவிடும் என்பதுதான் அன்றைய பிரச்சினை. கூடையில் போட்ட பொருள் நினைவில் நிற்கக் கொடுத்த டோக்கன் அது. நீங்கள் போன தளத்தில் விளம்பரம் போட்ட வேறொரு நிறுவனமும் டோக்கன் கொடுக்கலாம் என்றானபோது கதை மாறியது. சஃபாரி இந்த மூன்றாம் தரப்புக் குக்கீக்களை 2020 மார்ச்சில் முற்றிலும் தடுத்தது. குரோம் இரண்டு வருடத்துக்குள் நிறுத்திவிடும் என்று கூகுள் 2020 ஜனவரியில் சொன்னது, தள்ளிப்போட்டது, மறுபடி தள்ளிப்போட்டது, 2024 ஜூலையில் திட்டத்தையே கைவிட்டது. உலகின் மிகப் பெரிய விளம்பர நிறுவனம் உலாவியும் செய்தால் வேறு என்ன நடக்கும்?

ஆகவே என் பரிந்துரை: அன்றாடத்துக்கு ஃபயர்ஃபாக்ஸ், அதில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் நீட்சி (நீட்சி என்பது உலாவியில் சேர்த்துக்கொள்ளும் துணைநிரல்). குரோமின் புதிய நீட்சி விதிகளால் அந்த நீட்சியின் முழு வடிவம் அங்கே ஓடுவதில்லை; குறைக்கப்பட்ட ‘லைட்’ வடிவம் மட்டுமே. குரோமை விட முடியாதவர்கள் லைட்டைப் போட்டுக்கொண்டு, அமைப்புகளில் மூன்றாம் தரப்புக் குக்கீக்களைத் தடுங்கள்.

போட்டுக்கொள்வதைவிட முக்கியம், ஏற்கெனவே இருப்பதைக் களைவது. நீட்சிகள் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொன்றும் எதற்கு என்று கேளுங்கள். ‘எல்லாத் தளங்களிலும் தரவைப் படிக்கலாம்’ என்ற அனுமதியோடு உட்கார்ந்திருக்கும் நீட்சி, நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் பார்க்கிறது. அவாஸ்ட் வைரஸ் தடுப்பு நிறுவனம் தன் நீட்சிகளும் மென்பொருளும் திரட்டிய உலாவல் தரவை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் வழியே விற்றது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024-இல் 1.65 கோடி டாலர் விதித்தது. தடமறிதலைத் தடுப்போம் என்று சொல்லித்தான் அதை விற்றிருந்தார்கள். காவல்காரனே கணக்கெடுத்துக் கொடுத்த கதை.

மறைநிலைச் சாளரத்தைப் (இன்காக்னிட்டோ) பற்றி ஒரு வார்த்தை. அது உங்கள் கணினியில் வரலாற்றை எழுதாது. மூன்றாவது ஆளுக்கு எதிராக உதவும். தளமும் இணைய நிறுவனமும் விளம்பர வலையும் உங்களை வழக்கம்போலவே பார்க்கின்றன. இதைப் பற்றித் தொடுத்த வழக்கில், மறைநிலையில் சேர்ந்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கக் கூகுள் 2024-இல் ஒப்புக்கொண்டது. அழிக்க இருந்தது என்றால் சேர்த்திருந்தார்கள் என்றுதானே அர்த்தம்?

குக்கீ எல்லாம் அடைத்தாலும் கைரேகை போன்ற ஒன்று மிஞ்சும்: திரை அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம், இன்னும் பல சேர்ந்த சேர்க்கை. 2010-இல் இணைய உரிமை அமைப்பான எலக்ட்ரானிக் ஃபிரண்டியர் ஃபவுண்டேஷன் சோதித்ததில் சுமார் 84 சதவீத உலாவிகளின் சேர்க்கை தனித்தன்மையோடு இருந்தது. இதை முழுக்க ஒழிக்க நினைத்தால், அடையாளத்தை மறைப்பதற்காகவே செய்த டார் உலாவிக்குப் போக வேண்டும், அன்றாடத்துக்கு அது சித்திரவதை. நான் விட்டுவிட்டேன்.

தேடுபொறியையும் மாற்றிப் பாருங்கள், ஒரு வாரம் டக்டக்கோ. சஃபாரியில் முன்னிருப்பாக, அதாவது தானாக வரும் தேடுபொறியாக, இருக்க மட்டும் கூகுள் ஆப்பிளுக்கு 2022-இல் 2,000 கோடி டாலர் கொடுத்தது நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. மக்கள் முன்னிருப்பை மாற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கையின் விலை அது.

படி 6: ஏற்கெனவே சேர்ந்தது

இதுவரை இனிமேல் போவதைத் தடுத்தோம். போனதை என்ன செய்வது?

கூகுள் கணக்கில் ‘எனது செயல்பாடு’ பக்கத்தைத் திறந்து, ஐந்து வருடத்துக்கு முன் ஏதாவது ஒரு நாளைப் பாருங்கள். நீங்களே மறந்துபோன தேடல்கள் நேரத்தோடு இருக்கும். நோய் அறிகுறிகள், ஒரு பழைய நண்பரின் பெயர், நள்ளிரவு இரண்டு மணிக்குக் கேட்ட கேள்விகள். 2020-இலிருந்து புதிதாகத் தொடங்கும் கணக்குகளில் 18 மாதத்துக்குப் பின் தானே அழியும்படி வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் தொடங்கிய கணக்கு என்றால் நீங்களேதான் அதை இயக்க வேண்டும். 3, 18, 36 மாதங்கள் எனத் தெரிவு உண்டு, மூன்றைத் தேர்ந்தெடுங்கள். யூடியூப் வரலாற்றுக்கும் தனியாக அதே அமைப்பு இருக்கிறது.

“பெயரை நீக்கித்தான் வைத்திருக்கிறோம்” என்று நிறுவனங்கள் சொல்லும்போது 2006-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர்களுக்கு உதவட்டும் என்று ஏஓஎல் சுமார் 6,50,000 பேரின் 2 கோடித் தேடல்களை, பெயருக்குப் பதில் எண் போட்டு வெளியிட்டது. சில நாளிலேயே பத்திரிகையாளர்கள் ஓர் எண்ணுக்குப் பின்னால் இருந்த பெண்மணியின் வீட்டுக்கே போய்விட்டார்கள். தேடியதே அவரைக் காட்டிக்கொடுத்தது.

அழிக்கும் முன் ஒரு நகல் எடுங்கள். பெரிய தளங்கள் எல்லாவற்றிலும் ‘உங்கள் தரவைப் பதிவிறக்கு’ என்று ஒன்று உண்டு. புகைப்படங்களுக்கு இது கட்டாயம்: மேகத்தில் (நிறுவனத்தின் இணையச் சேமிப்பில்) ஒன்று, உங்கள் கையில் உள்ள வன்தட்டில் ஒன்று. கணக்கு ஏதோ ஒரு தானியங்கிச் சந்தேகத்தில் பூட்டப்பட்டால், மேகத்தில் மட்டும் இருந்த பத்து வருடப் படங்களுக்காக யாரிடம் போய் நிற்பீர்கள்?

பயன்படுத்தாத கணக்குகளை மூடுங்கள். மின்னஞ்சலில் ‘வெல்கம்’, ‘வெரிஃபை’ என்று தேடினால் மறந்துபோன பதிவுகள் வரிசையாக வரும்.

படி 7: பேச்சு

வாட்ஸ்அப்பில் செய்திகள் 2016-இலிருந்து முனைக்கு முனை குறியாக்கத்தில், அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி, போகின்றன. ஆனால் மேகத்தில் வைக்கும் காப்புநகல் வேறு சங்கதி. அதற்கான குறியாக்கம் 2021 அக்டோபரில்தான் வரத் தொடங்கியது, அதை நீங்களேதான் இயக்க வேண்டும். அரட்டைகள், காப்புநகல் என்று போய்ப் பாருங்கள். எதிர்முனையில் இருப்பவர் இயக்கவில்லையென்றால் உங்கள் பேச்சு அவருடைய நகலில் திறந்தே கிடக்கும், அதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

டெலிகிராமைப் பற்றிப் பரவலான தவறான நம்பிக்கை இருக்கிறது. அதன் சாதாரண அரட்டைகள் முனைக்கு முனை குறியாக்கம் ஆவதில்லை. ‘ரகசிய அரட்டை’ என்று தனியாகத் தொடங்கினால் மட்டுமே ஆகும், குழுக்களுக்கு அதுவும் கிடையாது. என்ன பேசினோம் என்பதோடு, யாரோடு எப்போது பேசினோம் என்பதும் தெரியக் கூடாது என்பவர்களுக்கு சிக்னல் செயலி.

இணைக்கப்பட்ட கருவிகள் பட்டியலை மறக்காதீர்கள். மூன்றாவது ஆள் உங்கள் போனை ஒரு நிமிடம் கையில் வைத்திருந்தால், தன் கணினியில் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்துவிட முடியும். அந்தப் பட்டியலில்தான் அது தெரியும்.

படி 8: மிச்சம் மீதி

டிவி: அமைப்புகளுக்குப் போய், நீங்கள் பார்ப்பதை அடையாளம் காணும் வசதியை அணையுங்கள். பெயரை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக வைத்து ஒளித்திருக்கும். விஸியோ நிறுவனம் 1.1 கோடி டிவிகளில் ஓடியதை நொடிக்கு நொடி சேகரித்து விற்றதற்காக 2017-இல் 22 லட்சம் டாலர் கட்டியது. மலிவாகக் கிடைக்கும் திரைக்கு மீதி விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது அப்போது புரிந்தது.

புகைப்படங்கள்: கேமராவில் இருப்பிடக் குறியீட்டை அணைக்கலாம், அல்லது பகிரும்போது நீக்கலாம். தலைமறைவாக இருந்த, வைரஸ் தடுப்பு மென்பொருளுக்குப் பேர்போன ஜான் மெக்காஃபி 2012-இல் குவாத்தமாலாவில் இருப்பது வெளியே தெரிந்தது, அவரைப் பேட்டி கண்ட பத்திரிகை வெளியிட்ட படத்தில் ஒட்டியிருந்த இருப்பிடத் தரவால்.

உடற்பயிற்சிச் செயலி: வரைபடத்தைத் தனிப்பட்டதாக்குங்கள். ஸ்ட்ராவா வெளியிட்ட உலக வரைபடத்தில், சிப்பாய்கள் ஓடிய தடங்களிலிருந்து ராணுவத் தளங்களின் உருவம் தெரிந்ததை 2018 ஜனவரியில் ஒரு மாணவர் சுட்டிக்காட்டினார்.

பழைய போனை விற்கும் முன்: கணக்குகளிலிருந்து வெளியேறி, பிறகு தொழிற்சாலை நிலைக்கு மீட்டமையுங்கள். வரிசை மாறினால் வாங்கியவரால் போனைத் திறக்க முடியாது, உங்களைத் தேடி வருவார்.

படி 9: இப்போது வி.பி.என்.

இதுவரை வந்துவிட்டீர்கள் என்றால் கேள்விக்குப் பதில் சொல்லலாம்.

வி.பி.என். உங்கள் போக்குவரத்தை ஒரு குழாயில் போட்டு வேறோர் இடத்தில் வெளியே விடுகிறது. உங்கள் இணைய நிறுவனம் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று பார்க்காது, வி.பி.என். நிறுவனம் பார்க்கும். பார்வையாளர் மாறுகிறார், மறைவதில்லை. இன்று பெரும்பாலான தளங்கள் குறியாக்கம் செய்த இணைப்பான எச்.டி.டி.பி.எஸ். வழியாகவே வருவதால், பொது வைஃபையில் கடவுச்சொல்லைத் திருடிவிடுவார்கள் என்ற பழைய பயத்துக்கும் முன்புபோல ஆதாரமில்லை. கூகுளிலோ ஃபேஸ்புக்கிலோ உள்நுழைந்திருக்கும்போது வி.பி.என். போட்டு என்ன பயன்? முகமூடி போட்டுக்கொண்டு பெயரைச் சொல்வது போல.

உள்ளூர் வலையை நிர்வகிப்பவரையோ இணைய நிறுவனத்தையோ நம்ப முடியாத இடத்தில் அது உதவும். உங்கள் இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐ.பி. முகவரியைத் தளத்திடமிருந்து மறைக்க வேண்டியிருந்தாலும் உதவும். அப்படியானால் மூன்றைப் பார்த்து வாங்குங்கள்: வெளித் தணிக்கை நடந்து அறிக்கை வெளியாகியிருக்கிறதா, நிறுவனம் யாருடையது என்பது தெளிவாக இருக்கிறதா, காசு வாங்குகிறதா.

மூன்றாவதை ஏன் சேர்த்தேன் என்றால், ஃபேஸ்புக் 2013-இல் ஒனாவோ என்ற நிறுவனத்தை வாங்கியது. அதன் இலவச வி.பி.என். செயலி உங்கள் தரவைப் பாதுகாக்கும் என்று விளம்பரம் செய்தார்கள். பயன்படுத்தியவர்கள் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் திறக்கிறார்கள் என்பதை அதே குழாயின் வழியே பார்த்து, போட்டி நிறுவனங்களின் வளர்ச்சியைக் கணித்துக்கொண்டிருந்தார்கள். 2018 ஆகஸ்டில் ஆப்பிளின் கடையிலிருந்து அது நீங்கியது. 2023-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் மெட்டாவின் இரண்டு துணை நிறுவனங்களுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அந்தச் செயலியின் பெயர் ‘ஒனாவோ புரொடெக்ட்’.